அணையா நெருப்பு: பாராடாங் தீவும் குடும்பக் காவலும்

அந்தமான் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவது செல்லுலர் சிறையின் உருவமே. நாட்டு விடுதலைக்காக அங்கு வாடிய வீரர்களின் நினைவு அத்தீவுகளோடு பின்னிக் கிடப்பதால் அஃது இயல்பே. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சிறையின் கதை அன்று. முன்னர்ப் போர்ட் பிளேர் என வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் பெற்றுள்ள தலைநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் பாராடாங் என்னும் தீவு வரும். தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே, குறுகிய நீரிணைகள் இருபுறமும் பிரிக்க, அது கிடக்கிறது. கரைநெடுக அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது என்று பெயரே பொருள் சொல்லும் மரம் அது.

தலைநகரிலிருந்து பாராடாங் செல்லும் சாலை ஜராவா மக்களின் காப்புநிலத்தை ஊடுருவிச் செல்கிறது. ஆதலின் வண்டிகள் நினைத்தபோது செல்ல இயலாது. குறித்த நேரங்களில், காவலுடன், அணியணியாகவே விடப்படுகின்றன. எண்ணிய பொழுதில் புறப்பட்டு எண்ணிய பொழுதில் பெரிய மருத்துவமனையை அடையும் எளிமை அங்குள்ள குடும்பங்களுக்கு இல்லை. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் கைகொடுப்பவை வீட்டில் உள்ள பொருளும் வீட்டாரின் அறிவுமே. இடர் வருமுன் ஒரு குடும்பம் தன்னை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்வது என்பதைப் பற்றிப் பேச இத்தகைய தீவைக் காட்டிலும் தக்க இடம் கிடைப்பது அரிது.

பாராடாங்கைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு காட்சிகளை நாடிச் செல்கின்றனர். ஒன்று, உப்பங்கழி வழியே படகிற் சென்று அடையும் சுண்ணாம்புக் குகை. மற்றொன்று, சேற்று எரிமலை. எரிமலை என்ற பெயரைக் கேட்டுத் தணலையும் புகையையும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். நிலத்தின் ஆழத்தில் மக்கிய பொருள்களிலிருந்து எழும் வாயு, நீரையும் நுண்மண்ணையும் உந்திக்கொண்டு மேலே வருகிறது. சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டுக் கொப்புளிக்கிறது. குயவர் கரைத்து வைத்த களிமண் போன்ற அக்காட்சியைக் கண்டு, இதற்கோ இத்துணைத் தொலைவு வந்தோம் என்று முகம் சுளித்துத் திரும்புவோரும் உண்டு. ஆனால் அச்சேறு எப்பொழுதும் அடங்கிக் கிடப்பதில்லை. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அது பெரிதாகப் பொங்கியது. 2004ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தை அடுத்து 2005இல் மீண்டும் பொங்கியது. அந்நடுக்கத்தின் தொடர்பால் நிகழ்ந்ததென்றே இது கருதப்படுகிறது. இந்தியத் தட்டு பர்மியத் தட்டின் அடியில் நழுவிச் செல்லும் விளிம்பின்மீது அந்தமான் தீவுகள் அமர்ந்திருக்கின்றன. அங்குள்ளோர் காலடியில் நிலம் உறங்குவதில்லை.

இனி, இத்தீவின் மிகப் பழைய கதை ஒன்றைக் காண்போம். எட்வர்ட் ஹொரேஸ் மான் என்னும் ஆங்கில அலுவலர் அந்தமானில் பணிபுரிந்த காலத்தில் அங்குள்ள பழங்குடி மக்களின் மொழியைக் கற்று, அவர்தம் வழக்கங்களைத் தொகுத்து, 1883இல் இலண்டன் மானிடவியல் கழக ஏட்டில் வெளியிட்டார். அத்தொகுப்பில் ஒரு வெள்ளக் கதை உள்ளது. மக்கள் தன் கட்டளைகளை மறந்தனர் என்று சினங்கொண்ட புளுகா என்னும் தெய்வம் பெருவெள்ளத்தை ஏவிற்றாம். அவ்வேளையில் ஓடத்தில் இருந்த இரண்டு ஆடவரும் இரண்டு பெண்டிருமே பிழைத்தனராம். நீர் வடிந்தபின் அவர்கள் கரையேறிய இடம் வோட்டா-எமி. அந்த வோட்டா-எமி இருப்பது நம் பாராடாங் தீவிலேதான்.

கதை அதனோடு முடிந்திருந்தால் உலகெங்கும் வழங்கும் வெள்ளக் கதைகளுள் ஒன்றாக இதனையும் நாம் கடந்து சென்றிருப்போம். ஆனால் கதையின் சிறப்பு அதன் பின்பகுதியில்தான் உள்ளது. கரையேறிய நால்வருக்கும் உயிர் இருந்தது, உணவும் கிடைத்தது, நெருப்பு இல்லை. உலகிலிருந்த நெருப்பு யாவும் வெள்ளத்தில் அவிந்துவிட்டது. அவர்கள் படும் துயரத்தைக் கண்டு, இறந்துபோன நண்பன் ஒருவனின் ஆவி மீன்கொத்திப் பறவையாக உருமாறி, விண்ணில் புளுகா குளிர்காய்ந்திருந்த இடத்திற்குப் பறந்து சென்று, எரிகட்டை ஒன்றை அலகால் கவ்விற்று. சூடும் சுமையும் தாங்காமல் அதனைப் புளுகாவின் மேலேயே போட்டுவிட்டது. வலி பொறாத தெய்வம் அக்கட்டையைப் பறவையின்மீது வீச, குறி தப்பி அது நால்வரும் இருந்த இடத்தருகே வந்து விழுந்தது. அவ்வாறு மக்கள் மீண்டும் நெருப்பைப் பெற்றனர்.

பெருவெள்ளத்தைத் தாண்டியபின் எப்படி வாழ்வது என்னும் கேள்வியே இக்கதையின் பாதியை நிரப்பியிருக்கிறது. தப்புவது ஒரு திறம். தப்பியபின் வாழ்வது வேறொரு திறம். இதனை அறிந்தவர்கள் கட்டிய கதை இது. அவர்களுடைய அன்றாட வாழ்வும் இதற்கு இசைந்தே இருந்தது. தீக்கடையும் முறையை அந்தமான் பழங்குடியினர் அறியார் என்று மான் எழுதுகிறார். எனவே குடியிருப்பில் எப்பொழுதும் ஒரு கட்டை கனன்றுகொண்டே இருக்குமாறு பார்த்துக்கொண்டனர். இடம் பெயரும்போதும் ஓடமேறும்போதும் கனலும் கட்டையை உடன் கொண்டு சென்றனர். மழை மிகுந்த தீவில் நெருப்பு அவிந்தால் அக்குடி முழுவதும் இடர்ப்படும். ஆகவே அதனைக் காப்பது அனைவர்க்கும் உரிய கடமையாயிற்று. இடர் உதவிப் பெட்டி என்று இன்று நாம் கடையில் வாங்கி அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறோமே, அதனை அவர்கள் நாள்தோறும் ஊதி ஊதிக் காத்தனர்.

இம்மக்களின் பிற்கால வரலாறு துயர் மிக்கது. 1858ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் 200 கைதிகளுடன் ஆங்கிலேயரின் குடியேற்றம் தொடங்கியது. அதன் பின்னர்ப் புதுநோய்கள் பரவின. 1877இல் வந்த மணல்வாரி பேரழிவு செய்தது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் என்னும் இனத்தவராக எஞ்சியிருந்தவர் 19 பேரே. பின்னர் அவர்களுக்குப் பாராடாங்கின் கிழக்கே உள்ள ஸ்ட்ரெயிட் தீவில் இடம் அமைக்கப்பட்டது.

அவர்கள் வாழ்ந்த காடுகளுக்குப் புதியவர்கள் வந்தனர். 1918 முதல் சோட்டாநாகபுரியிலிருந்து மரம் வெட்ட அழைத்து வரப்பட்ட ஒராவோன், முண்டா, காரியா மக்கள் 'ராஞ்சியர்' என்னும் பொதுப்பெயர் பெற்றனர். பாராடாங்கில் இன்றும் அவர்கள் மிகுதி. நாடு விடுதலை பெற்றபின் கிழக்கு வங்கத்து அகதிகள் வந்தனர். தமிழரும் வந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நிக்கோபார்ப் பகுதியின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டதையும் நேயர்கள் அறிந்திருக்கக்கூடும்.

ஊர்விட்டு ஊர் செல்பவன் பாத்திரம் பண்டங்களை எடுத்துச் செல்கிறான். மொழியை எடுத்துச் செல்கிறான். தெய்வத்தையும் எடுத்துச் செல்கிறான். எடுத்துச் செல்ல இயலாத ஒன்று உண்டு: மண்ணைப் பற்றிய அறிவு. எந்தக் காற்று எந்த மாதத்தில் வீசும், எந்த ஓடை எவ்வளவு மழைக்குக் கரைபுரளும், எந்தக் கிழங்கு நஞ்சு, எது உணவு என்பன பிறந்த ஊரில் பாட்டியின் வாயிலாகவே வந்து சேர்பவை. புதிய மண்ணில் அவ்வறிவு இல்லாமல் நிற்கிறோம். 1942 மார்ச் 23ஆம் நாள் அந்தமானை ஜப்பானியர் கைப்பற்றியபோது அரிசி கொண்டுவந்த கப்பல்கள் நின்றன. கப்பலையே நம்பியிருந்த குடியேற்றத்தில் பட்டினி தலைவிரித்தாடியது. சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகளை நட்டே பலர் உயிர் தாங்கினர். கொல்லையில் இரண்டு பாத்தி கிழங்கு இருப்பதன் அருமை அம்மூன்றாண்டுகளில் அங்கிருந்தோர்க்கு நன்கு விளங்கியிருக்கும்.

நிலநடுக்கமும் அத்தீவுகளுக்குப் புதிதன்று. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நிலம் நடுங்கியது. சென்னையிலும் அந்நடுக்கம் உணரப்பட்டது. அதனால் எழுந்த கடலலை வங்கக் கடலைச் சுற்றியிருந்த நீர்மட்டக் கருவிகளில் பதிவாயிற்று. நாகப்பட்டினத்தில் அதன் உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று மிகுதி. 1941 ஜூன் 26இல் நடு அந்தமான் பகுதியில் தோன்றிய மற்றொரு பெருநடுக்கம் செல்லுலர் சிறைக்கே சேதம் விளைத்தது.

இவற்றுள் 1881ஆம் ஆண்டு நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. நாகப்பட்டினத்துக் கடல் அன்றே ஒரு செய்தி சொல்லிற்று. ஆனால் அதனைக் கேட்டது கருவி ஒன்றே. அலை சிறிதாகையால் மக்கள் மனத்தில் அது பதியவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் 123 ஆண்டுகள் கழித்து அதே கரையில் நிகழ்ந்ததை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் அருகே கடலடி நிலம் பிளக்கத் தொடங்கி, அந்தமானின் வடகோடி வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு முறிந்தது. நடுக்கத்தின் அளவு 9.1க்குக் குறையாது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்குமேல் உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. தலைநகரைச் சூழ்ந்த நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. தென்கோடி இந்திரா முனையோ நான்கு மீட்டருக்குமேல் அமிழ்ந்தது. நிக்கோபார்க் கரையோரச் சிற்றூர்கள் பல அடியோடு அழிந்தன. கச்சால் மிகக் கொடிய அழிவைக் கண்ட தீவுகளுள் ஒன்று. அங்கெல்லாம் அலை வந்து சேர்ந்த விரைவில் அறிவுடையோர்க்கும் ஓட நேரம் கிட்டவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

அன்று ஸ்ட்ரெயிட் தீவில் இருந்த பெரிய அந்தமானியர் மேட்டுநிலம் ஏறி உயிர் தப்பினர். சிறிய அந்தமானில் டுகாங் கழியோரம் வாழ்ந்த ஓங்கே மக்களும் உயரமான இடத்திற்குச் சென்று பிழைத்தனர். நிலம் ஆடினால் கடல் வரும் என்னும் முன்னோர் சொல் அவர்களிடம் உயிரோடிருந்தது. சுமத்ராவை அடுத்த சிமேலு என்னும் தீவின் கதை இதனினும் வியப்பானது. அங்கு 1907இல் பேரலை ஒன்று எண்ணற்றோரைக் கொண்டு சென்றது. எஞ்சியோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, தாலாட்டிலும் இரவுக் கதையிலும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் வலுவாக ஆடிக் கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்காதே, குன்றுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் முதல் அலை பத்து மணித்துளிகளுக்குள் அங்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 78,000 மக்களுள் இறந்தவர் எழுவர். எந்தச் சங்கும் ஊதவில்லை; எந்த அரசாணையும் வரவில்லை.

நம் தாயகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. நேரம் இருந்தது, செய்தி இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவருள் 6,000 பேருக்குமேல் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். கடல்கோள் என்னும் சொல் நம் மொழியில் பழமையானது. கபாடபுரத்தைக் கடல் கொண்டது என்று உரையாசிரியர் எழுதினர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறும். பள்ளியில் அதனைப் படித்து மதிப்பெண்ணும் பெற்றோம். சொல் நூலில் இருந்தது. அடுக்களையிலும் திண்ணையிலும் இல்லை. சிமேலுத் தீவினர்க்குத் தாலாட்டாய் வாய்த்தது நமக்குத் தேர்வு வினாவாய் நின்றுவிட்டது. பின்வாங்கிய கடலைக் கண்டு வியந்து, கிளிஞ்சல் பொறுக்க இறங்கிய பிள்ளைகளுக்கு அதனைச் சொல்வார் இல்லை.

எனினும் அன்று நம்மவரிடையே நிகழ்ந்த ஒரு நற்செயலையும் கூற வேண்டும்; அயலூர் வாழ் தமிழர்க்கு அது மிகவும் உரியது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவர் சிற்றூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் பணியில் இருந்தார். தொலைக்காட்சியில் சுமத்ராச் செய்தியைக் கண்டவுடன் வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்தார். அவ்வூரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் நிலையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. ஊரார் அதன் வாயிலாக அறிவிக்க, ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர் முழுவதும் வெளியேறியது. படகுகள் போயின, வீடுகள் போயின, மக்கள் பிழைத்தனர். கடல் கடந்து வாழும் ஒருவன் தன் வீட்டை எண்ணினான். அவன் வீட்டார் தம் ஊரை எண்ணினர். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அவ்வூர் இல்லை.

ஆகவே வெளிமாநிலத்தில் வாழும் நாம் முதலில் செய்யத்தக்கது, நாம் குடிபுகுந்த மண்ணின் நினைவைக் கேட்டறிவதே. மும்பையில் இருப்போர் 2005 ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், அன்று தம் தெருவில் நீர் எதுவரை ஏறியது என்பதையும் அண்டைவீட்டு முதியவரிடம் கேட்கலாம். குஜராத்தில் இருப்போர் 2001 ஜனவரி 26ஆம் நாள் காலையை நினைவுகூர்வோரைத் தேட வேண்டியதே இல்லை. கேட்பதற்கு மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். அம்மொழியைக் கற்கத் தொடங்க இதைவிட நல்ல காரணம் வேறில்லை.

எம் இல்லத்தில் ஒரு ஞாயிறு மாலை இதனைச் சோதித்துப் பார்த்தோம். நாங்கள் குடியிருப்பது வெளிமாநில நகரம் ஒன்றில் மூன்றாம் மாடி. நிலம் நடுங்கியதாகக் கொண்டு, மேசைக்கடியில் ஒடுங்கி, பின்னர்ப் படிக்கட்டில் இறங்கி மைதானத்து வேப்பமரத்தடியில் கூடுவது என்று ஏற்பாடு. மின்விளக்கின் முதன்மைச் சாவியை அணைத்தோம். சமையல் வாயு உருளையை மூடினோம். அதன்பின் வெளிப்பட்டன எம் குறைகள். கைவிளக்கின் மின்கலம் கசிந்து துருவேறியிருந்தது. தண்ணீர்க் குடுவை வெறுமை. குடும்ப அட்டையும் சான்றிதழ்களும் மூன்று அறைகளில் சிதறிக் கிடந்தன. எவருக்கும் எவருடைய தொலைபேசி எண்ணும் மனப்பாடமாகத் தெரியவில்லை, எல்லாம் கைப்பேசிக்குள். மரத்தடி சேரப் பதினான்கு மணித்துளிகள் ஆயின.

இவ்வமளியில் கலங்காதிருந்தவர் பாட்டி ஒருவரே. 1952 நவம்பர் 30ஆம் நாள் நாகப்பட்டினத்தருகே கரைகடந்த புயலைச் சிறுமியாய்க் கண்டவர் அவர். ஐப்பசி பிறக்குமுன் அவர் வீட்டில் காய்ந்த விறகும், புழுங்கலரிசியும், மெழுகால் வாய் அடைத்த தகரப்பெட்டியில் தீப்பெட்டியும் பரணில் ஏறிவிடுமாம். 'அடுப்பு நனையலாம், தீக்குச்சி நனையக் கூடாது' என்று அவர் தாயார் சொல்வாராம். வோட்டா-எமியில் கரையேறிய நால்வரின் கவலையும் காவிரிக் கழிமுகத்துத் தாய் ஒருத்தியின் கவலையும் ஒன்றாயிருந்ததை எண்ணி வியந்தோம்.

அன்று முதல் சில வழக்கங்களை மேற்கொண்டோம். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு மூன்று நாள்களுக்குரிய நீரை வைத்து, அமாவாசைதோறும் மாற்றுகிறோம். அமாவாசை என்றது சமயம் பற்றியன்று. பாட்டி மறவாத நாள் அது. சான்றிதழ்களின் படிகள், வழக்கமான மருந்து, கைவிளக்கு, மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலி, சிறிது பணம் ஆகியவை ஒரே பையில் வாயிலருகே தொங்குகின்றன. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கரைத்து வயிற்றுப்போக்கு கண்டவர்க்குக் கொடுக்கும் முறையைப் பத்து வயதுப் பேரனும் கற்றான். அவசர உதவிக்குரிய 112 என்னும் எண்ணையும், தஞ்சையில் உள்ள சித்தப்பா வீட்டு எண்ணையும் அனைவரும் நெட்டுருச் செய்தோம். இடர் நேர்ந்த நகரத்திற்குள் ஒருவரை ஒருவர் அழைப்பது கடினமாகலாம். வெளியூர் உறவினர் ஒருவர்க்கு ஆளாளுக்குச் செய்தி சொன்னால், அவர் வாயிலாகக் குடும்பம் ஒன்றுசேரும். நல்லவாட்டுக்குச் சிங்கப்பூர் எப்படியோ, எமக்குத் தஞ்சை அப்படி.

விடுமுறையில் கடற்கரை செல்லும்போது ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் விடாமல் சொல்கிறோம். நிற்க இயலாதபடி நிலம் ஆடினாலும், நெடுநேரம் ஆடினாலும், கடல் திடீரெனப் பின்வாங்கினாலும் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏற வேண்டும். முதல் அலை வடிந்துவிட்டதென்று திரும்பலாகாது. அடுத்த அலை அதனினும் பெரிதாக வருவதுண்டு.

2007 முதல் ஐதராபாத்தில் கடலலை முன்னெச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது அந்நிலையம் எச்சரிக்கை விடுத்தது. நல்வாய்ப்பாகப் பேரலை எழவில்லை. தமிழகக் கரைக்கு இவ்வேற்பாடு பெருந்துணை. பிளவின்மீதே அமர்ந்த அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் அலை வந்து சேரும் நேரம் மிகக் குறைவு. அங்கே காலடி நிலமே முதல் எச்சரிக்கை.

எம் அடுத்த ஒத்திகையை மழைக்காலத்திற்கு முன் வைத்துக்கொண்டுள்ளோம். பதினான்கு மணித்துளிகளை ஆறாகக் குறைக்க வேண்டும் என்பது பேரனின் கட்டளை. மீன்கொத்தியின் கதையைப் பாட்டிக்குச் சொன்னோம். அவர் அதனைத் தம் புயற்கதையோடு சேர்த்துப் பேரனுக்கு இரவில் சொல்லி வருகிறார். கொள்ளிக்கட்டை தெய்வத்தின் மேலேயே விழும் இடத்தில் அவன் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறான். நெருப்புக் கிடைத்ததும் அந்த நால்வரும் முதலில் என்ன சமைத்தார்கள் என்று நேற்றுக் கேட்டான். மீன்தான் சுட்டிருப்பார்கள், வேறென்ன என்றார் பாட்டி.